மரகதம்மாள் வெட்டிவிட்ட நகம்

யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் நாமக்கல் பஸ், எங்கள் கரிவண்டி, வழக்கம்போல் மேட்டில் மூச்சுவாங்கி நின்றது. கண்டக்டர் இறங்கிப் பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறிக்கொண்டே என்னிடம், "ஏனுங்க நெய்க்காரரே, நர்சம்மா போயிட்டாங்களாமுங்க. எருமப்பட்டிக்குப் பிரசவம் பாக்கப் போன எடத்துல காச்சல் கண்டு, நாலே நாளுங்க" என்றார். நான் பேசிப் பேசியே கொல்லிமலை இரண்டடி தேய்ந்துவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அன்று ராசிபுரம் வரும்வரை வாய் திறக்கவில்லை. எனக்கும் காய்ச்சல்தான் என்று முடிவுகட்டிக் கண்டக்டர் தண்ணீர் கொடுத்தார்.

ஜில்லா போர்டு மருத்துவச்சி மரகதம்மாளை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தகரப் பெட்டி. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்டவர் அவர்தான். அவர் நடந்த தூரத்தை நேராக நீட்டினால் காசிக்குப் போய், அங்கே மூன்று பிரசவம் பார்த்துவிட்டு, பொழுதோடு திரும்பியிருக்கலாம்.

எனக்கும் அவருக்கும் பத்து வருஷப் பகை. காரணம் என் வலது கைச் சுண்டுவிரல். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை என்பார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். என் விரலுக்கு அப்போது ஒரு ஜமீனின் மதிப்பு. சேந்தமங்கலம்வரை வண்டி அனுப்பி என்னை அழைத்துப்போவார்கள். இந்தத் தாலுகாவில் இன்று வாய் கிழியப் பேசுகிற வாலிபர் அத்தனை பேரும் என் உற்பத்திதான். முதல்முறை நேருக்கு நேர் பார்த்தபோது மரகதம்மாள் அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். நாகரிகமாக இருக்கட்டும் என்று நீள வளர்த்திருந்த நகம். "இதுக்குள்ள ஒரு சந்தையே கூடியிருக்கு. உங்க குணம் வருதோ இல்லையோ, பேதி நிச்சயம் வரும்" என்றார்.

அவர் கேட்டது கொஞ்சம்தான். பெற்ற உடனே பிள்ளையை மார்பில் போடு. பல் முளைக்கிறவரை தாய்ப்பால் மட்டும் கொடு, பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம். நம் வீடுகளிலோ முதல் மூன்று நாள் மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று பீச்சி, செடி மூட்டில் ஊற்றிவிடுவார்கள். ஒருநாள் தறிக்காரர் தெருவில் பிள்ளைத்தாய்ச்சிகளை உட்காரவைத்து அவர் பேசியதை, நெய் வாங்கப் போன நான் ஓரமாக நின்று கேட்டேன்.

"எருமைக் கன்னுக்குச் சீம்பால் விடாம கறந்துட்டா என்ன ஆகும்?"

"தங்காதுங்க. செத்துப் போயிரும்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

"அப்போ நீ பெக்கிற பிள்ளைக்கு?"

 ஒருத்தி, பத்தொன்பது வயதிருக்கும், மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "அது மனுசப் புள்ளைங்களே, நர்சம்மா."

மரகதம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். யுத்தத்தில் சீனிக்கு ரேஷன் வந்தபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிவு கண்டேன். ஜனங்கள் சேனையைக் கருப்பட்டிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அவர் பேச்சை நம்பிய ஒரே பெண் என் அக்காள் மகள் பாவாயி. தலைப்பிரசவம், ஆண் பிள்ளை. வெள்ளிக் கிண்ணத்தோடு நான் உள்ளே போனதும் என் வேட்டி நுனியைப் பிடித்தாள். "மாமா, வேண்டாமுங்க. நர்சம்மா சொல்லியிருக்காங்க."

"நீ சேனை வெக்காத புள்ள இந்த ஊட்டுல உண்டா? நீ வையி தம்பி" என்றாள் அக்காள். நான் வைத்தேன். சிரித்துக்கொண்டே, ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டே வைத்தேன்.

ஒன்பதாம் நாள் பேதி. பதினோராம் நாள் பிள்ளை இல்லை. வந்து பார்த்துவிட்டு வெளியே வந்த மரகதம்மாளிடம், என்னால்தானா என்று கேட்டேன். "இல்லேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் வரல" என்றார். பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, என் கையைப் பிடித்து, அந்த நகத்தை ஒட்ட வெட்டினார். இனி எதற்கம்மா என்றேன். "நாளைக்கு இன்னொரு வீட்டுல கூப்பிடுவாங்க. நீங்க போவீங்க" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. நெய்க்காரருக்குக் கைராசி போய்விட்டது என்று ஊர் தீர்ப்பெழுதி, பள்ளிக்கூட வாத்தியார் விரலுக்குப் பட்டம் கட்டியது. வரமாட்டேன் என்று மறுக்கும் பெருமையைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. அதைச் சொன்னபோது மரகதம்மாள் சிரித்தார். நான் பார்த்த ஒரே சிரிப்பு அது. "உங்க வேலைதான் போச்சு, நெய்க்காரரே. என் வேலை அப்படியே கிடக்கு."

அவர் இறந்த சேதி வந்த மறுநாள் பாவாயிக்கு இரண்டாவது பிள்ளை. போனேன். "வாசல்லயே இரு சாமி, கோவிச்சுக்காத. வாத்தியாரு வந்து வெச்சுட்டுப் போயிட்டாரு" என்றாள் அக்காள். ஜன்னல் வழியாகப் பாவாயியிடம் நர்சம்மா போன சேதியைச் சொன்னேன். அழுதாள், சொந்தத் தாய்க்கு அழுவதுபோல அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதப் புள்ளைக்கு நானு மனசுக்குள்ள சேனை வேண்டாம் வேண்டாம்னு நெனச்சேனுங்க மாமா. அதான் சாமிக்குக் கோவம். இந்தத் தடவ அப்படி நெனைக்கவே இல்லீங்க" என்றாள்.

அவள் பக்கத்தில் பித்தளைச் சொம்பில் மஞ்சள் பால் இருந்தது, ஊற்றுவதற்கு. அக்காள் என் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள். எருமை கன்று போட்டிருந்ததாம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்த சீம்பால். "கன்னு வகுறு முட்டக் குடிச்சது போக மிச்சம். சாப்பிடு தம்பி" என்றாள். என்னால் முடியவில்லை.

பிள்ளை இப்போதைக்கு நன்றாக அழுகிறது. மரகதம்மாளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டும்: வெள்ளிதோறும் அந்தச் சுண்டுவிரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். அந்த விரலை இனி யாரும் கேட்கப்போவதில்லை.