ஏற்றத்தில் கேட்ட குரல்

திருவண்ணாமலையிலிருந்து நானும் சேகரும் சைக்கிளில் ஜவ்வாது மலைக்கு வந்திருக்கிறோம். மேலே டீக்கடையில் நான் மட்டும் நிற்கிறேன். ஏற்றத்தில் காலை ஊன்றிவிட்டால் மறுபடி மிதிப்பது கஷ்டம். அதனால் எந்த வளைவிலும் நிற்காமல் ஏறிவிட்டேன்.

“தனியாவாங்க வந்தீங்க?” என்கிறார் கடைக்கார அம்மா.

“இல்லம்மா, கூட்டாளி பின்னாடி வரான்.”

“காட்டுல வுட்டுட்டா வந்தீங்க? நல்ல கூட்டாளி போங்க!”

போளூரிலிருந்து மலையேறி வரும் பஸ் வந்து நிற்கிறது. சேகர் நொண்டிக்கொண்டே இறங்குகிறான். முழங்காலில் ரத்தம். கூரையிலிருந்து அவன் சைக்கிளைக் கண்டக்டர் இறக்குகிறார். முன்சக்கரம் கோணியிருக்கிறது. தாங்கிப் பிடிக்கப் போகிறேன். என் கையைத் தள்ளிவிடுகிறான்.

“கூப்ட்டன்டா. காதுல வுழலயா?”

விழுந்தது. இளைப்பாற நிற்கச் சொல்கிறான் என்று நினைத்துத்தான் மிதித்தேன்.