கம்பத்தில் ஆள் ஏறும்போது

கரண்ட் ஆபீஸ் வேலையில் போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். ஆவடிப் பக்கம் ஒரு பிரிவு அலுவலகத்தில் நான் உதவிப் பொறியாளர். அரசுத் துறையில் குப்பை கொட்டும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

ஆள் கணக்கு

பொறுப்பேற்ற அன்று எல்லாரையும் கூப்பிடச் சொன்னேன். வயர்மேன் ஏழுமலை மட்டும் வந்து நின்றார். ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஃபிளாட்டுகள்தான் பெருகிக்கொண்டே போயின. வாசலில் நின்ற டில்லி என்பவன் பக்கத்து முத்தாபுதுப்பேட்டைக்காரன், ஒப்பந்த ஆள். எடுபிடி வேலை மட்டும்தான், கம்பம் ஏறக் கூடாது.

"அப்போ ஏறுறது யாரு?" என்று கேட்டேன். ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"ரூல்படி நான் மேடம். மழை வந்துட்டா அவன்."

தனியார் பேச்சு

எங்கள் பிரிவிலுள்ள சேக்காட்டில் ஒரு தெருவில் ஃபியூஸ் போயிருந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் பால்கனியில் நின்று கத்தினார். "உங்களையெல்லாம் தனியாருக்குக் குடுத்தாதான் சரிப்படும்!" எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் அந்த வாரம் ஆபீஸிலும் துறையைத் தனியாருக்கு விடப்போவதாக வதந்தி ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் டில்லி வண்டியை ஓரம் கட்டினான்.

"மேடம், பிரைவேட்டு வந்தா என்னிய வெச்சுக்குவாங்களா, இல்ல தொரத்திடுவாங்களா?"

மழை நாள்

இன்னொரு நாள் மதியம் கொட்டிய மழையில் சேக்காட்டின் அதே தெருவில் கம்பி அறுந்து விட்டது. லைனை அணைத்தாகி விட்டது. ஏழுமலையோ வேறொரு தெருவில் முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தார். கம்பியில் மிச்சமிருக்கும் கரண்ட்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடும் அவரிடம்தான் இருந்தது. அணைத்த கம்பியில் அதை மாட்டிய பிறகுதான் யாரும் கைவைக்க வேண்டும்.

கூட்டம் கூடிவிட்டது. "பொம்பளய ஆபீசரா போட்டா இப்டித்தான்" என்றது ஒரு குரல். டில்லி ஏணியைச் சாத்தி இரண்டு படி ஏறினான்.

"நான் ஏறிக்கிறேன் மேடம். லைன்தான் ஆஃப்ல கீதே!"

"இறங்குடா!" என்று கத்தினேன். கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

ஏழுமலை நனைந்தபடி வந்து, கீழே நின்றே நீளக் கழியால் ராடைக் கம்பியில் மாட்டினார். படீரென்று நீலமாய் ஒரு வெடிப்பு. செத்த கம்பியில் கரண்ட்! எதிர் ஃபிளாட்டின் ஜெனரேட்டரை யாரோ தப்பாக இணைத்திருந்தார்கள். அந்தக் கரண்ட் எங்கள் கம்பிக்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. டில்லி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். அதே வெடிப்பில் ஜெனரேட்டரும் நின்றுபோயிருந்தது. ஃபிளாட்டிலிருந்து ஒருவர் குடையோடு வந்தார்.

"ஏம்மா, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. எங்க ஜெனரேட்டரை யாரு ஆஃப் பண்ணது?"

டில்லியின் மனைவி

மறுநாள் டில்லி வரவில்லை. அவன் மனைவி அமுலு வந்தாள். உட்காரச் சொன்னேன், மறுத்தாள். இனி அவனைக் கம்பத்தில் ஏற்ற மாட்டேன் என்றேன். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் வெளுத்தது.

"எங்க வூட்டுக்காரர கம்பத்துல ஏத்தாதீங்க மேடம். அதுக்கோசரம் வேலைய விட்டும் தூக்கிடாதீங்க."

டில்லி இப்போது கீழே நின்று ஏணி பிடிக்கிறான். கூடுதல் ஆள் கேட்டு நான் மேலிடத்துக்கு எழுதினேன்; பக்கத்துப் பிரிவையும் சேர்த்து என்னையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆக, எங்கள் துறையில் பயப்படும் வேலைக்கு மட்டும் காலியிடமே இல்லை.