பூஜையில் வைத்த பாரம்

தேதிகளை எழுதி வைப்பது என் பழக்கம். சமையல் கேஸ் தோம்பு மாற்றிய நாள், பெருமழை பெய்த நாள், மகளுக்கு முதல் பல் விழுந்த நாள் எல்லாம் என் குறிப்புப் புத்தகங்களில் உண்டு. ஆகவே அந்தப் பாரத்தின் கடைசி நாள் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. வியாழக்கிழமை காலை, பள்ளியில் முதல் மணி அடிக்கும் முன் என்று நானே சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

மகள் அப்போது மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான்காம் படிவத்தில் அறிவியல் வகுப்பா, கணக்கியல் வகுப்பா என்று பெற்றோர் கையெழுத்திட்டுத் தரவேண்டிய பாரம் அது. அவள் அறிவியலைக் குறித்திருந்தாள். அந்தப் பள்ளியில் அறிவியலுக்கு ஒரே வகுப்புதான். அவள் மதிப்பெண்களோ விளிம்பில் நின்றன.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. மாலையில் புத்தகங்களை அடுக்கினோம். கையெழுத்திட்ட பாரத்தை நான்தான் அவளுடைய கணிதப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். அம்பாளின் பார்வை படட்டும் என்று நினைத்தேன். மறுநாள் ஒன்பது மணிக்குமேல் பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குள் தொடக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது.

வியாழன் காலை ஆறேகாலுக்கு அவள் சீருடையுடன் பூஜை அறை வாசலில் நின்றாள். பள்ளி பஸ் ஆறரைக்கு.

“பா, பாரத்த மட்டும் உருவிக்கிறேன். புத்தகம் அப்படியே இருக்கட்டும்.”

“வெச்சத எடுக்கக்கூடாதுமா. பூஜ முடிஞ்சதும் நானே கொண்டாந்து தரேன்.”

“மணி அடிக்கிறதுக்குள்ள குடுக்கணும்பா.”

“ஒரு ரெண்டு மணி நேரம் தானே லா. வாங்கிக்குவாங்க.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் வந்தது, போய்விட்டாள்.

பத்து மணிக்கு நான் பள்ளிக்குப் போனபோது பட்டியல் முடிந்திருந்தது. தாமதமாக வந்த பாரங்கள் வரிசையின் கடைசிக்குப் போகும் என்றார் ஆலோசக ஆசிரியை. அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. குரலை உயர்த்தவே இல்லை. மகளின் பெயர் கணக்கியல் வகுப்பில் சேர்ந்திருந்தது.

“சரஸ்வதிக்குப் பாரம் படிக்கத் தெரியும், மணி பாக்கத் தெரியாது போல,” என்றாள் மனைவி. மகள் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை.

திங்கட்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். தவறு என்னுடையது, பிள்ளையுடையது அல்ல என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துச் சென்றேன். ஆசிரியை அதைப் படித்து ஓரமாக வைத்துவிட்டு அவளிடம் கேட்டார், எதற்காக அறிவியல்?

அவள் மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“என் அப்பா ஜாசின் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், ஆய்வுக்கூட உதவியாளர். எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று தினமும் பார்ப்பார். காரத்தைத் துளித்துளியாகச் சொட்டவிடுவார், இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் நிறுத்துவார். பிறகு கணக்கில் 25.6 என்று ஓர் எண்ணால் பெருக்குவார். பத்தொன்பது வருடமாகப் பெருக்குகிறார். அது ஏன் 25.6 என்று கேட்டேன். சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது என்றார். நானே தேடிப் பார்த்தேன். அந்த அமிலத்தின் மூலக்கூறு எடை 256, சதவீதக் கணக்கில் அது 25.6 ஆகிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்கள் எத்தனை என்று எண்ணி, அவற்றின் எடையைக் கூட்டினால் போதும். அதைப் படித்தவர் மாடி அறையில் உட்கார்ந்து அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறார். அப்பா கீழே நின்று அளக்கிறார். எனக்கு மாடி அறை வேண்டும்.”

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் மகளின் புத்தகப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறையில் ஒரே ஒருமுறை அவளை ஆலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். இவ்வளவையும் அவள் கவனித்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் கற்ற கணிதம் பெருக்கலோடு நின்றுவிட்டது. அந்தப் பெருக்கலுக்குப் பின்னால் ஒரு வேலையும் ஒரு நாற்காலியும் இருந்ததை எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக எழுதிக்கொள்கிறேன் என்றார் ஆசிரியை. உறுதி எதுவும் தரவில்லை.

புதிய ஆண்டு தொடங்கியது. அவள் கணக்கியல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் வாரத்தின் கடைசியில், அறிவியல் வகுப்பு மாணவி ஒருத்தி தங்கிப் படிக்கும் பள்ளிக்கு மாறிப் போனாள். இடம் காலியானது. பள்ளியிலிருந்து அழைப்பு என் மனைவியின் கைப்பேசிக்கு வந்தது. பெற்றோர் எண் என்ற இடத்தில் மகள் என் எண்ணைக் கொடுத்திருக்கவில்லை.

நான் வேலை முடிந்து வரும்போது அவள் வாசலிலேயே நின்றாள். கையில் அறிவியல் வகுப்பில் இரவல் வாங்கிய நோட்டுப் புத்தகங்கள்.

“ஒன்பது நாள் பாடம் போயிடுச்சு. ஃபோட்டோஸ்டாட் கடை ஆறு மணிக்குச் சாத்திடுவான்.”

“சட்டைய மாத்திட்டு வரேன்மா.”

“வேணாம்பா. வண்டிய எடுங்க.”

எண்ணெய் வாடையோடு அப்படியே வண்டியைத் திருப்பினேன்.