மாராத்தாக்கா சொன்ன நாலாயிரம்

அன்று தோப்பில் அப்பாவும், ஆறு வேலையாட்களும், காய் பொறுக்கும் மாராத்தாக்காவும் இருந்தார்கள். வியாபாரி இன்னும் வரவில்லை. தேங்காய்க் குவியலை எண்ணாமல் குத்துமதிப்பாக விற்க வேண்டும். கல்லூரியில் அளவுசார் பொருளியல் படிக்கும் நான், பலருடைய ஊகங்களின் சராசரி உண்மையை நெருங்கும் என்றேன். ஆளுக்கொரு எண் சொன்னார்கள்.

"நாலாயிரமுங்க தம்பி" என்றார் மாராத்தாக்கா.

"ஏனுங்க்கா, பக்கத்துத் தோப்பையும் சேர்த்துப்போட்டீங்களா?" என்று சிரித்து, அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். மற்ற ஏழு பேரின் சராசரி இரண்டாயிரத்து நானூறு.

"பையன் கணக்குப் போட்டுட்டானுங்க" என்று, வந்து சேர்ந்த வியாபாரியிடம் பெருமையாகச் சொல்லி, காய்க்குப் பதினைந்து ரூபாய் வீதம் அந்த எண்ணுக்கே அப்பா விற்றார்.

லாரியில் ஏற்றும்போது எண்ணினார்கள்: இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று. அக்காவின் எண்ணையும் சேர்த்து வகுத்துப் பார்த்தேன். இரண்டாயிரத்து அறுநூறு! எல்லோருமே தவறாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவரையும் விடாமல் சேர்த்தால் மட்டுமே சரியாக வந்தது. அதை நான் கற்றுக்கொள்ள அப்பாவுக்கு ஆன செலவு மூவாயிரத்து நாற்பத்தைந்து ரூபாய்.