சூடத்தில் வைத்த கை

யோகேஸ்வரனுக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர் அவன்தான். திருவிழாவில் மைக் பிடிப்பவனும் அவன்தான். தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவரும் அவன்தான்; ஆட்கள் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். இதற்கெல்லாம் மேலே, மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணி. நாற்பத்தாறு வயதுக்குள் ஒரு மனிதன் இத்தனை நாற்காலிகளில் உட்கார வேண்டுமானால் நெற்றியில் திருநீறு இல்லாமல் முடியாது. அதை அவன் சின்ன வயதிலேயே கண்டுகொண்டிருந்தான்.

அந்தத் தோட்டத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்த பெரிய மனிதர்கள் யாரும் வெறுங்கையோடு வந்ததில்லை. ஒருவர் கோயிலுக்கு மணி கொடுத்தார். அடுத்தவர் ஸ்பீக்கர் பெட்டி கொடுத்தார். இப்போதைய எம்.பி. கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களின் ஓட்டைத் தகரம் காற்றில் பறந்துவிடாமல் ஆட்கள் கல்லையும் பழைய டயரையும் ஏற்றிவைத்துக்கொண்டு, மழை நாளில் கட்டிலடியில் சட்டி வைத்தார்கள். அம்மன் மட்டும் நனையாமல் இருந்தாள். அதைப் பற்றிக் கேட்க வேண்டியவன் யோகேஸ்வரன். அவனோ மைக்கைப் பிடித்து, கோயிலுக்குக் கொடுத்தவர்களின் பெயரை வாசித்தான்.

பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது எம்.பி. ஆட்களுக்குக் கொஞ்சம் பயம் பிடித்தது. அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வேறு கட்சியில் நின்றார். கோயிலுக்கு என்னால் ஒன்றும் தர முடியாது, வீடு கட்டக் காணியும் அதற்கு உறுதிப் பத்திரமும் கேட்டுச் சண்டை போடுவேன் என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். கேட்ட விதம் எம்.பி.க்குப் பிடிக்கவில்லை.

வழி சொன்னவன் யோகேஸ்வரன்.

“வாயால சொல்றதெல்லாம் வாசலோட போயிருங்க சார். சூடத்துல கை வச்சாங்கன்னா மாற மாட்டாங்க. நம்ம சனத்த எனக்குத் தெரியும்.”

எம்.பி. சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டினார். அந்தத் தட்டு இரண்டு நாளைக்குத் தோளிலேயே இருந்தது போல அவனுக்குப் பெருமை.

அப்படி ஓட்டு வாங்குவது தேர்தல் சட்டப்படி குற்றம். அதுவும் அவனுக்குத் தெரியும். ஒருமுறை வாக்குச்சாவடி ஏஜண்டாகப் போனபோது அதிகாரி சிங்களத்தில் வாசித்துக் காட்டியிருந்தார். இருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தட்டில் சூடத்தைக் கொளுத்தி, மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதல் ஆளாக அவனே தீக்கு மேல் கை வைத்தான். “ஆத்தா மேல சத்தியமா என் ஓட்டு எங்க எம்.பி.க்குத்தான்.” அவனுக்குப் பின்னால் நூற்று நாற்பது கைகள் வந்தன. சூடம் தீரத் தீர அவனே புதுக் கட்டி வைத்தான்.

தேர்தல் நாளில் வாக்குச்சாவடி அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றபோது யோகேஸ்வரனுக்குத் தன் வீட்டுச் சட்டிதான் நினைவுக்கு வந்தது. முந்தின மழைக்கு அது நிறைந்து வழிந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளை நனைத்திருந்தது. ஓட்டுச் சீட்டில் வாத்தியாருக்குப் புள்ளடி போட்டான். அம்மன் நினைவுக்கே வரவில்லை. வெளியே வந்து ஒரு ப்ளேன்டீ குடித்துவிட்டு, எம்.பி. ஆட்களோடு கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எம்.பி. வென்றார். மாலை போட்டவர்களிலும் அவன்தான் முதல்.

ஜனவரியில் பத்தாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் எட்டுப் பேரைக் கொட்டிவிட்டது. “குளவி! குளவி!” என்று கத்தியவன் யோகேஸ்வரன். முதலில் ஓடியவனும் அவனே. அவன்மேல் ஒன்றுகூடப் படவில்லை. ஏழு பேர் மறுநாள் வீடு திரும்பினார்கள். மீனம்மாவின் மகள் கிருஷாந்தி மட்டும் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மீனம்மா புருஷன் இல்லாதவள். பத்தொன்பது வருஷமாக அம்மனுக்குப் பால்குடம் எடுப்பவள். மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த வெள்ளிக்கிழமை அவள் நேரே கோயில் கமிட்டி முன்னால் வந்து நின்றாள். தலைவர் நாற்காலியில் பழனியாண்டி இருந்தார். பக்கத்தில் கூட்டக் குறிப்புக் கொப்பியோடு யோகேஸ்வரன்.

“அய்யா, நான் சத்தியத்த மீறிட்டேன். அந்த வாத்தியாருக்குப் போட்டுட்டேன். ஒரு துண்டு காணி கெடைக்கும்னு ஆச. ஆத்தா எம் மகளப் புடிச்சிக்கிட்டா. என்ன செஞ்சா தீரும்னு சொல்லுங்க.”

பெட்டிக்குள் போட்ட ஓட்டு யாருடையது என்று நாட்டில் எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. ஏழை எளியவர்களுக்கு என்று இருக்கிற ஒரே இரகசியம் அதுதான். யோகேஸ்வரனின் சூடம் அதையும் வெளியே இழுத்துக் கமிட்டி மேசையில் வைத்துவிட்டது.

 பழனியாண்டி, “இந்த வருசம் பால்குடம் எடுக்காத. திருவிழா முடியுற வரைக்கும் சப்பரக் கயித்துக்கு வெளிய நின்னு கும்புடு. அடுத்த வருசம் பாப்போம்” என்றார். யோகேஸ்வரன் பக்கம் திரும்பினார். “எழுதிக்கங்க தலைவரே.”

யோகேஸ்வரன் எழுதினான். ‘நானும்தான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று நாற்காலியும் போய்விடும். எழுதி முடித்து அடியில் கோடும் போட்டான்.

மாசித் திருவிழா வந்தது. அம்மன் சப்பரம் போகும் வழியில் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். மீனம்மா அதற்கு வெளியே, மஞ்சள் சேலையோடு, வெறுங்கையாக நின்றாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தில் தழும்பு இன்னும் மாறாத கிருஷாந்தி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். மைக்கில் எம்.பி.யை வரவேற்றுக்கொண்டிருந்த யோகேஸ்வரன் அவர்களைக் கண்டதும் பாதியில் நிறுத்தினான். மைக்கை வேறொருவனிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி அவளிடம் போனான்.

“அக்கா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். நானும் எம்.பி.க்குப் போடலக்கா. வாத்தியாருக்குத்தான் போட்டேன்.”

மீனம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒங்களக் குளவி கொட்டலையே தலைவரே?”

“இல்ல.”

“புள்ளைங்க?”

“நல்லா இருக்குதுங்க. அதத்தான் சொல்ல வந்தேன். குளவிக்கும் சத்தியத்துக்கும் ஒன்னும் இல்லக்கா.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பயந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்தாள். “சத்தமாப் பேசாதீங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ஒங்களையும் இங்க கொண்டாந்து நிறுத்திருவாங்க. நான் ஆத்தாகிட்ட ஒங்களுக்கும் சேத்துக் கேட்டுக்கிறேன்.”

யோகேஸ்வரனுக்கு உடம்பு கூசியது. அதைவிட வெட்கம், அவள் சொல்ல வேண்டாம் என்றதும் மனதுக்குள் ‘அப்பாடா’ என்று இருந்ததே, அதுதான். திரும்பிப் போய் மைக்கை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு மலையில் அவள் கொழுந்து பறிக்கும் நிரைக்குப் பக்கத்தில் அவன் போவதில்லை. தூரத்திலிருந்தே பெயரைக் கூப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவான்.

மே மாதம் பிரதேச சபைத் தேர்தல். எம்.பி.யின் ஆட்கள் சூடப் பெட்டியோடு வந்துவிட்டார்கள். “போன தடவ மாதிரியே செஞ்சிருவோம் தலைவரே.” வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பழனியாண்டி அதற்குள் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டார்.

சனம் வரிசையில் நின்றது. முதல் ஆளாக மீனம்மா. இந்தத் தடவையாவது சரியாக நடந்து, அடுத்த வருஷம் பால்குடம் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. சூடம் எரிந்தது. போன தடவை மாதிரியே தோட்டத் தலைவர்தான் முதலில் கை வைக்க வேண்டும். யோகேஸ்வரன் தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையைத் தீக்கு மேல் கொண்டுபோனான்.

மீனம்மா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க தலைவரே. நீங்க வைக்காதீங்க. ஒங்களுக்கும் புள்ளைங்க இருக்கு.”

 காய்த்துப்போன அவள் கை விடவில்லை. இனி ஒளிக்க அவனுக்கு இடமும் இல்லை, மனசும் இல்லை.

“போன தடவ நானும் சத்தியத்த மீறினேன்” என்றான் யோகேஸ்வரன். மைக் இல்லாத அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “எல்லாரையும் கை வைக்கச் சொல்லிட்டு, நான் வாத்தியாருக்குப் போட்டேன். மீனம்மா அக்காவக் கயித்துக்கு வெளிய நிறுத்துறப்ப, தெரிஞ்சுக்கிட்டே கொப்பியில எழுதுனேன்.”

எல்லோரும் பழனியாண்டியைப் பார்த்தார்கள். அவர் எம்.பி.யின் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் சிரித்துவிட்டார்கள். பழனியாண்டிக்கும் உயிர் வந்தது.

“சரி, சரி, விடுங்க தலைவரே. அரசியல்ல இதெல்லாம் சகஜந்தானே? நீங்க இல்லாம கோயில் காரியம் நடக்குமா? சூடத்தப் புதுசா வையுங்க, நேரமாகுது.”

வரிசையிலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். திட்டியிருந்தால், நாற்காலியைப் பிடுங்கியிருந்தால், அவனுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பில் அவன் குன்றிப்போனான்.

மீனம்மா மெல்ல அவன் மணிக்கட்டை விட்டாள். பழனியாண்டியின் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

“அப்ப என்னைய மட்டும் எதுக்குங்கய்யா வெளிய நிறுத்துனீங்க?”

பழனியாண்டி குனிந்து சூடப் பெட்டியைத் திறந்தார். அவள் வரிசையை விட்டு விலகி, மகளைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசலைத் தாண்டிப் போனாள். யோகேஸ்வரன் தட்டைப் பிடித்தபடியே நின்றான். சூடம் எரிந்து தீர்ந்திருந்தது. தட்டு மட்டும் இன்னும் சுட்டது.