சொன்னவர் பெயரில் போட்ட வழக்கு

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் ஜீவராணி. அதிர்ந்து பேசத் தெரியாதவள். "காலையில பெரட்டுல ஆளெண்ணிப் பேரு கூப்பிட்டாக்கூட வாயத் திறக்க மாட்டா, கோர்ட்டுக்குப் போயிட்டாளே!" என்று தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அடைமழையில் லயத்துச் சனமெல்லாம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோது அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போங்க" என்றார். போனார்கள். மறுநாள் அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கையில் லயத்தின் பின்மேடு சரிந்தது. உள்ளே காய்ச்சலில் படுத்திருந்த புருஷன் அழகுமுத்துவை உயிரில்லாமல் மண்ணோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள்.

அந்த அதிகாரி மேல் வழக்குப் போடும்போதே, அரசாங்கத்தையும் சேர்ப்போம் என்று சட்டத்தரணி முத்துலிங்கம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் அசையவில்லை. தோட்டத்தில் நல்லதும் கெட்டதும் தோட்டத்தை நடத்தும் துரை என்ற ஒற்றை ஆளின் வாயிலிருந்து வருவதைப் பார்த்தே வளர்ந்தவள். "அரசாங்கத்த நான் கண்டதில்லீங்க. போகச் சொன்னது அந்த ஐயாதாங்க" என்று ஒரே பிடியாக நின்றாள்.

இன்று நுவரெலியாவில் தீர்ப்பு. வழக்குத் தள்ளுபடி.

"வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பொண்டைக் காட்டிப்போட்டாங்களம்மா," என்றார் முத்துலிங்கம். "பத்தொன்பதாம் நூற்றாண்டில உயர் நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணத்தோட கடமை செய்யேக்க விட்ட பிழைக்கு உத்தியோகத்தரைத் தனிப்படப் பிடிக்கேலாதாம்."

"அப்ப அவரு சொல்லவே இல்லைன்னுட்டாங்களாங்க?"

"இல்லையம்மா. சொன்னவர் எண்டதை ஒருத்தரும் மறுக்கேல்ல."

"இனி அரசாங்கத்தைக் கேக்கலாங்களா?"

"அதுக்குரிய காலம் கடந்திட்டுது."

அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். வெளியே மழை வலுத்தது. இடியாமல் நின்ற பாதி லயத்தில், மகள் லோஜனா தனியாக இருந்தாள். வேறு வீடு இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

எதிரே அந்த அதிகாரி தம் சட்டத்தரணியோடு வந்தார். ஜீவராணி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, மறுபடியும் மழை புடிச்சிருச்சுங்க. புள்ள லயத்துல இருக்கு. இருக்கலாங்களா, வெளிய கெளம்பச் சொல்லட்டுங்களா?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, தம்முடைய சட்டத்தரணியைத் திரும்பிப் பார்த்தார்.