இரண்டு மணி வண்டிக்குக் கொடுக்காத கவர்

என் தம்பி மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், வழிபாட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் என் வணக்கம்.

இளையவரைப் பற்றி மூத்தவன் நினைவுக் கட்டுரை எழுத நேர்வது முறை மாறிய காரியம். என்னைப் பற்றி அவர்தாம் எழுதியிருக்க வேண்டும். எழுத்து அவருடைய தொழில். எனக்குப் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் கூடத்தில் உழைத்தே என் காலம் கழிந்தது. செய்தித்தாளையும் தம்பியின் புத்தகங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்து இந்த நடையைக் கற்றேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க. உயிரோடிருந்த காலத்தில் தம்பியை ஒருநாளும் ‘அவர்’ என்று நான் சொன்னதில்லை. அச்சில் வரும்போதேனும் அந்த மரியாதை அவரைச் சேரட்டும்.

தம்பியின் நற்குணங்களை மட்டும் எழுதி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவருடைய வாழ்வில் நான் இழைத்த தவறு ஒன்று உண்டு. அதை மறைத்தால் இம்மலர் பொய்யாகிவிடும். அதற்கு முன் அவர் பிறந்து வளர்ந்த வகையைச் சொல்கிறேன்.

தம்பி பிறந்தது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா காலமான மறு ஆண்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியுடன் அம்மா கப்பலேறினார். எனக்கு வயது பதினான்கு, தம்பிக்கு ஏழு. தாயகம் திரும்பியோர் முகாமில் சில மாதங்கள் இருந்தோம். பிறகு லாரியில் ஏற்றி நடுவட்டத்துக்கு அருகில் இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் தேயிலைச் சரிவு, மூடுபனி, வரிசை வீடுகள். தம்பி நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, கப்பல்காரன் நம்மள ஒரு சுத்து சுத்திக்காட்டிட்டு, திரும்பவும் அங்கனயே கொண்டாந்து விட்டுட்டானா?” என்று கேட்டார். லாரியிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பியின் முதல் வசனம் அதுவென்று பிற்காலத்தில் நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு.

பத்தாம் வகுப்பு முடித்துத் தோட்டத்தில் இலை நிறுக்கும் வேலையிலிருந்தபோதே, கோயம்புத்தூரிலிருந்து வரும் நாளிதழ் ஒன்றுக்குத் தம்பி பகுதி நேர நிருபரானார். நடுவட்டத்திலிருந்து பைக்காரா வரை அவருடைய எல்லை. லயத்தில் சிறுத்தை புகுந்தது, உறைபனியில் கொழுந்து கருகியது, இத்தலார்ப் பக்கத்தில் முட்டைக்கோசு விலையின்றி வயலிலேயே அழுகியது என எல்லாவற்றையும் எழுதினார். எந்தச் செய்தியிலும் அவர் பெயர் வராது. ‘நமது நிருபர்’ என்று மட்டுமே இருக்கும். தேநீர்க் கடையில் யாரேனும் அதை உரக்கப் படித்தால் தம்பி தலையைக் குனிந்துகொண்டு பன்னைத் தின்பார்.

அந்நாளில் செய்தி நாளிதழுக்குப் போன வழி இளையோர்க்குத் தெரியாது என்பதால் விளக்குகிறேன். காக்கிக் கவரில் போட்டு ஒட்டி, மேலே ‘செய்தி, அவசரம்’ என்றெழுதி, கூடலூரிலிருந்து உதகைக்குப் போகும் இரண்டு மணி வண்டியில் நடத்துநரிடம் கொடுக்க வேண்டும். அவர் உதகை நிலையத்தில் ஒரு கடையில் சேர்ப்பார். அங்கிருந்து வேறொரு வண்டி கீழே கொண்டுபோகும். அந்நேரத்தில் தம்பி மலையில் இலை நிறுத்துக்கொண்டிருப்பார். தொழிற்சாலை சாலையோரம் இருந்தபடியால், கவரை வண்டியில் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. ரங்கசாமி என்ற நடத்துநர் படியில் தொங்கியபடியே கையை நீட்டுவார். “ஏனுங்கண்ணா, இன்னைக்கு எந்தச் சிறுத்தைங்க? எங்கூட்டுக்காரிய விடப் பெரிசுங்களா?” என்பார். வண்டி நிற்காமலே கவர் கைமாறிவிடும். ஐந்தாண்டுகள் ஒருநாளும் தவறியதில்லை.

அந்த ஐந்தாம் ஆண்டின் ஆனி மாதத்தில் எங்கள் லயத்தின் பின்புறத் தடுப்புச் சுவர் விரிசல் விட்டது. கை நுழையும் அளவுக்கு விரிந்ததும் தம்பி அதை எழுதினார். எழுதியதை என்னிடம் படித்தும் காட்டினார். மறுநாள் காலை, அலுவலகத்து எழுத்தர் ஒருவர் வாட்டும் கூடத்துக்கு வந்தார். இலையைக் கையில் அள்ளிப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, “செவுத்தப் பத்தி ஒந்தம்பி ஏதோ எழுதுறானாம். வீடு ஓம் பேர்லதான இருக்கு? ஒன்ன நிரந்தரமாக்குற லிஸ்டு இந்த மாசந்தான் போகுது. ஞாபகம் வச்சுக்க” என்று சொல்லிப் போனார். மிரட்டினார் என்றும் சொல்ல முடியாது. அவர் குரல் உயரவேயில்லை.

அம்மா அப்போது படுக்கையில் இருந்தார். இரண்டு மணிக்கு வண்டி வந்தது. ரங்கசாமி வழக்கம்போல் கையை நீட்டினார். நான், “இன்னைக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். கவர் என் கம்பளிச் சட்டைக்குள் இருந்தது. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். மறுநாளும் அவ்வாறே எண்ணினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை, மழையில் சுவர் சரிந்தது. கடைசி வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பாக்கியம் அக்காளின் வலக்கால் கல்லுக்கடியில் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வேறு நாளிதழ்களில் படத்துடன் செய்தி வந்தது. தம்பியின் நாளிதழிலிருந்து தொலைபேசியில், வாரக்கணக்காய் விரிந்திருந்த சுவரைப் பற்றி ஏன் ஒரு வரியும் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். தபால் நிலையத்துத் தொலைபேசியில் தம்பி, “மூணு நாளைக்கு முன்னாடியே அனுப்பிட்டேன் சார், சத்தியமா அனுப்பிட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர்கள் நம்பவில்லை. அந்த வேலை போயிற்று. வெளியே வந்த தம்பி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அண்ணே, கவர வண்டியில குடுத்தீங்கல்ல?”

“குடுத்தேன்டா” என்றேன்.

அந்த ஒரு சொல்லால் பழி ரங்கசாமியின் தலையில் விழுந்தது. “நானு வாங்கவே இல்லீங்களே! எம்புள்ளைங்க மேல சத்தியமுங்க!” என்று அவர் தேநீர்க் கடையில் நின்று மன்றாடினார். யாரும் கேட்கவில்லை. ‘கவர முழுங்குன கண்டக்டர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. வண்டி வளைவில் திரும்பும்போதே பிள்ளைகள் கூவுவார்கள். நான் தலைகுனிந்து தொழிற்சாலைக்குள் போய்விடுவேன்.

அதன் பின்னரே தம்பி நாடகத்துக்கு வந்தார். லயத்து இளைஞரைச் சேர்த்துக் குழு அமைத்தார். தேயிலைப் பெட்டிகளை அடுக்கி மேடையாக்கி, மாரியம்மன் திருவிழாவில் சுவர் விழுந்த கதையையே நாடகமாக்கினார். அதில் கவரைத் தொலைக்கும் நடத்துநராகத் தம்பியே நடித்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ரங்கசாமியும் ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கைதட்டினேன். அடுத்த ஆண்டு ரங்கசாமி வேறு தடத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

பைக்காராவில் படப்பிடிப்புக்கு வந்த குழுவொன்று, தோட்டத்து மக்கள் பேசும் வகையைச் சொல்லித்தரத் தம்பியை அழைத்தது. அப்படியே சென்னைக்குக் கூட்டிப்போனது. வசன உதவியாளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கண் வலிக்கும். சிறு வேடங்களும் செய்தார். தபால்காரர், காவலர், ஒருமுறை பிணம். உதகைத் திரையரங்குக்கு லயமே ஜீப் பிடித்துப் போனது. “அந்தா, தம்பி!” என்று நான் கத்தினேன். “எங்கண்ணே?” என்றார் பக்கத்திலிருந்தவர். அதற்குள் காட்சி மாறிவிட்டது. “அது தம்பியில்லங்க, எரும மாடு” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கொட்டகை அதிர்ந்தது. ஊருக்கு வந்தபோது தம்பியிடம் இதைச் சொன்னோம். “மாட்டுக்கு ரெண்டு காட்சிண்ணே, எனக்கு ஒண்ணுதான்” என்றார்.

நெஞ்சுச் சளி முற்றி ஊர் திரும்பியபின் அவர் கதைகள் எழுதினார். இரண்டு தொகுதிகள் அச்சாயின. முதல் தொகுதியில், ஒரு கதையில் வரும் நடத்துநர் பொறுப்பற்றவர், கவரைத் தொலைப்பவர். தம்பியின் மகளுக்குப் பள்ளியில் சான்றிதழ் கேட்டபோது, தாயகம் திரும்பியோர் பத்திரத்தை எடுக்கத் தம்பி எங்கள் தகரப் பெட்டியைத் திறந்தார். நான் அப்போது வேலையில் இருந்தேன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு பெட்டியை ஒழுங்காய் மூடி வைத்திருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் வந்த இரண்டாம் தொகுதியில் நடத்துநர் நல்லவராகிவிட்டார். படியில் நின்று கையை நீட்டுகிறார், கொடுப்பாரில்லை. தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்பது அதைப் படித்த அன்றே எனக்குப் புரிந்தது. ஏனெனில், அந்தப் பெட்டியில் பத்திரத்துக்கு அடியில்தான் ஒட்டியது ஒட்டியபடி அந்தக் கவர் இருந்தது. கிழித்தெறிய எனக்குத் துணிவில்லை, கொடுக்கவும் துணிவில்லை.

இறுதி நான்கு மாதங்கள் தம்பியின் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் எழுத்தைப் பார்த்து, “ஒவ்வொரு எழுத்தும் மூட்ட தூக்குற மாதிரி இருக்குதுண்ணே” என்று சிரிப்பார். கடைசியாய்ச் சொன்னது ஒரு சிறுகதை. சாலையோரம் ஒருவன் வண்டிக்காகக் காத்து நிற்கிறான். வண்டி வருகிறது. அவன் கை சட்டைக்குள் போகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, அந்தக் கவரு...” என்று தொடங்கினேன். அவர் கையை இலேசாய் உயர்த்தித் தடுத்தார்.

“இதுக்கு மேல எனக்குத் தெரியாதுண்ணே. ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எழுதிருங்க.”

முகத்தில் கோபமில்லை. மூச்சு மட்டும் இரைத்தது. மூன்று நாட்களுக்குப் பின் காலமானார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்த்த நேரம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதில் ஒரு நிமிடத்தையும் நான் பயன்படுத்தவில்லை. இந்த ஓராண்டில் என்னை அழவைப்பது சாவன்று, அதுவே.

இதை அச்சிடுமுன் பாக்கியம் அக்காளிடம் போய்ச் சொன்னேன். ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். “பேப்பர்ல வந்திருந்தா மட்டும் செவுரு நின்னுருக்குமா? தொரைமாரு பேப்பரப் படிச்சா ஓடி வந்திருப்பாங்க?” என்றார். எனக்கு அது ஆறுதலாய்த் தோன்றிய அக்கணமே, “ஆனா நாங்க படிச்சிருப்போம்லய்யா. நான் அன்னைக்கு அந்தப் பக்கம் அடுப்பு வச்சிருக்க மாட்டேன்ல” என்றார். பிறகு தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

ரங்கசாமியின் ஊரைத் தேடிப் போனேன். அவர் காலமாகி ஆண்டுகள் பலவாயினவாம். அவர் மகனிடம் நடந்ததைச் சொல்லிக் கைகூப்பினேன். “அப்பா சாகறவரைக்கும் சொல்லிட்டேதானுங்க இருந்தாரு, நானு வாங்கலைன்னு” என்றார். இம்மலரின் முதற்படி அவருக்குப் போகிறது.

தம்பியின் நோய்க்காலத்தில் உறக்கமின்றி உடனிருந்த அவர் துணைவியாருக்கும், வேலைக்கு விடுப்பெடுத்து வந்து தாங்கிய மகளுக்கும், மூச்சு முட்டியபோதெல்லாம் ஜீப்போடு வந்து நின்ற லயத்து இளைஞருக்கும், முகம் சுளிக்காமல் பணிசெய்த செவிலியருக்கும், மலையேறி வந்து பாடை சுமந்த நாடகக் குழுத் தோழர்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடப்பாடுடையது.

இக்கட்டுரையில் தம்பியின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. முறைசொல்லி அழைப்பதே நம் வழக்கம் என்பது ஒரு காரணம். மற்றொன்று, அப்பெயர் முதன்முதலில் எங்கே அச்சாகியிருக்க வேண்டுமோ அங்கே அதை வைக்க விரும்பினேன். சென்ற மாதம், தம்பி மகளின் முன்னிலையில் அந்தக் கவரைப் பிரித்தேன். இரண்டு தாள்கள். மை மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. ஓர் எழுத்தும் மாற்றாமல், ‘நமது நிருபர்’ என்றிருக்கும் இடத்தில் அவர் பெயரையிட்டு, இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்செய்தியைக் கொடுத்திருக்கிறேன்.

படிப்போர் அன்புகூர்ந்து ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க. இத்தனை தாமதத்துக்கும் வண்டி காரணமன்று.

ஆறாத் துயருடன்,
அண்ணன்